உள்தாழ்ப்பாள்

திருடன் வந்துபோன நாளிலிருந்து அவளுக்கு உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றியது. எழுந்தால் எங்கே போவதென்று தெரியவில்லை. வாசல் கதவின் பூட்டை இழுத்துப் பார்ப்பாள். அங்கிருந்து பின்கதவுக்குப் போவாள். சமையலறை ஜன்னல் கொக்கியை அழுத்திப் பார்ப்பாள். கூடத்துக்குத் திரும்பி வருவதற்குள் வாசல் பூட்டைச் சரியாகப் பார்த்தோமா என்று சந்தேகம் முளைத்துவிடும். மறுபடியும் முதலிலிருந்து தொடங்குவாள்.

"ரோந்து சுத்துற போலீஸ்காரன்கூட நடுவில ஒரு டீ குடிப்பான்மா. கொஞ்சம் உட்காரு," என்பார் மாமனார், முன்னறைக் கட்டிலில் படுத்தபடி.

மாமனார் சரக்கு ரயில் ஓட்டியவர். தெருவில் அவருக்கு 'இஞ்சின்' என்றுதான் பெயர். உடம்பும் அப்படி, குரலும் அப்படி. பக்கவாதம் வந்து இடது பக்கம் முழுக்க விழுந்துபோன பிறகும் குரலுக்கு மட்டும் ஒரு குறையும் வரவில்லை. அவரைக் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்ற, காலையில் வரும் உதவிக்கார அம்மாவும் மருமகளும் சேர்ந்து மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்க வேண்டும். "ரெண்டு பொம்பளைங்க சேர்ந்து ஒரு வேகனை ஷண்டிங் பண்றீங்க," என்று அவர் சிரிக்க, தூக்குகிறவர்களுக்கும் சிரிப்பு வந்து பிடி நழுவும்.

அவள் குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தாள். மாமனார் படுத்த பிறகு காலை நேர வேலையாக மாற்றி வாங்கியிருந்தாள். அவள் மதியம் வீட்டுக்கு வந்ததும் உதவிக்கார அம்மா கிளம்பிவிடுவாள். கணவன் கப்பலில் இஞ்சினியர். பாதி வருடம் தண்ணீரில், மீதி வருடம் தரையில்.

அன்று மதியம் மாடிக்குப் போய்க் காய்ந்த துணிகளை வாரிக்கொண்டு இறங்கி வந்தாள். படுக்கையறை அலமாரிக்கு முன்னால் ஓர் ஆள் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தான். கையில் நீளமான ஸ்க்ரூடிரைவர். அவன் திரும்பவில்லை.  அடுத்து என்ன செய்தாள் என்று கேட்டால் அவளால் வரிசையாகச் சொல்ல முடியாது. துணிகளோடு குளியலறைக்குள் இருந்தாள்; கை தானாகத் தாழ்ப்பாளைத் தள்ளியிருந்தது. இரும்பு இரும்பில் போய் இடித்த சத்தம் அவள் காதுக்கே வெடி போட்டதுபோல் இருந்தது. அதன் பிறகு முன்னறையில் பேச்சுக் குரல். மாமனாரின் குரல் அத்தனை தாழ்ந்து ஒலித்து அவள் கேட்டதில்லை. வார்த்தை ஒன்றும் பிடிபடவில்லை. ஈரத் தரையில் துணிகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தாழ்ப்பாளைத் திறக்கலாம் என்று கை போகும், பாதியில் நின்றுவிடும்.

வெளிக்கதவு அடித்துக்கொண்ட பிறகுதான் வெளியே வந்தாள். கொஞ்சம் நகை, கணினி, மாமனாரின் தலைமாட்டில் இருந்த பழைய ரேடியோ ஆகியவற்றைக் காணவில்லை. அவள் ஓடிப்போய்க் கட்டிலருகே குனிந்ததும் அவர் சீறினார்.

"கிட்ட வராதே! போ, போய் டீ போடு!"

அவர் அவளிடம் அப்படிச் சீறியதே இல்லை. மறுநாள் காலை உதவிக்கார அம்மா வரும்வரை அவர் போர்வையைக்கூடத் தொடவிடவில்லை. ஆனால் போலீஸ்காரர் வந்து கேட்டபோது சொன்னார்: "மருமக மாடியில துணி எடுத்துக்கிட்டு இருந்தா. அவளுக்கு ஒண்ணும் தெரியாது." கப்பலிலிருந்து மகன் கேட்டபோதும் அதையேதான் சொன்னார். அவள் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். தன்னைக் காப்பாற்றுவதற்காகச் சொல்கிறாரா, குத்திக் காட்டுவதற்காகச் சொல்கிறாரா என்று அவளுக்குத் தெரியவில்லை. அந்தப் பொய்யை அவள் திருத்தவும் இல்லை.

கணவன் கப்பலில் இருந்துகொண்டு தவித்தான். நடுக்கடலில் இறங்கி ஓடிவர முடியுமா? சிக்னல் கிடைக்கும்போதெல்லாம் வீடியோவில் வந்தான். ஒருநாள் முகமெல்லாம் மலர்ச்சியாக வந்தான்.

"எங்க கப்பல்ல ஒரு ரூம் இருக்கு. கடற்கொள்ளைக்காரங்க ஏறிட்டா நாங்க உள்ள போய் அடைச்சுக்குவோம். இரும்புக் கதவு, உள்ளயே தண்ணி, லைட்டு, ரேடியோ எல்லாம். வெளிய என்ன ஆட்டம் ஆடினாலும் நம்மள ஒண்ணும் பண்ண முடியாது. நம்ம பேஸ்மென்ட்ல அதே மாதிரி ஒண்ணு கட்டிடுவோம்."

வீடு சரிவான நிலத்தில் கட்டியது. கூடத்துக்கு அடியில் ஒரு நிலவறை இருந்தது. உடைந்த நாற்காலி, பழைய பாத்திரம், மாமனாரின் வேலைக் காலத்து மரப்பெட்டி எல்லாம் அங்கேதான் கிடந்தன. குறுகலான படி, நடுவில் ஒரு திருப்பம். காய்கறிக் கூடையோடு இறங்கினாலே முழங்கை சுவரில் இடிக்கும்.

"மாமாவை எப்படிக் கீழ இறக்குறது?" என்று கேட்டாள்.

படம் சற்றுத் தாமதமாக நகர்ந்தது. "அப்பாவை யாரு என்ன பண்ணப் போறாங்க? படுத்த படுக்கையா இருக்கிற மனுஷன். அன்னைக்கு மட்டும் என்ன ஆச்சு? ரேடியோவைத் தூக்கிட்டுப் போனான், அவ்வளவுதானே? நீ பத்திரமா இருக்கணும். அதுதான் முக்கியம்."

"அவன் சொல்றது சரிதான்மா," என்று கட்டிலிலிருந்து இஞ்சின் முழங்கியது. "நல்ல யோசனை. கட்டிடுங்க."

அப்பாவும் பிள்ளையும் ஒத்துப்போன பிறகு அவள் என்ன சொல்வாள்? வாயைத் திறந்தால் குளியலறைத் தாழ்ப்பாளில் போய்த்தான் பேச்சு முட்டி நிற்கும். மென்று விழுங்கினாள்.

மேஸ்திரி வந்தார். காதில் பென்சில், வாயில் ஓயாத பேச்சு. நிலவறையின் கோடி மூலையைச் சுண்ணாம்புக் கோடு போட்டு வளைத்தார். சிமெண்டுக் கற்களை அடுக்கி, அவற்றின் குழிகளில் கம்பி இறக்கிக் கான்கிரீட் நிரப்பினார்கள். முட்டினால் முட்டுகிறவன் மண்டைதான் உடையும் என்றார் மேஸ்திரி. கதவு முழு இரும்பு. உள்பக்கமாகத் திறப்பது, கீல்கள் உள்ளேயே இருப்பதால் வெளியே நிற்பவன் கைக்கு ஒன்றும் அகப்படாது. வெளிப்பக்கம் பொட்டுத் துவாரம்கூடக் கிடையாது. உள்ளே ஒரு கைப்பிடி. அதைத் திருகினால் மூன்று தடித்த கம்பிகள் ஒரே சமயத்தில் சுவருக்குள் போய் இறங்கும். அந்த அறையின் ஒரு மூலை மட்டும் வீட்டுச் சுவரைத் தாண்டி, முன்னறை ஜன்னலுக்கு வெளியே இருக்கும் சிமெண்டுத் தளத்தின் அடியில் நீண்டிருந்தது. அங்கே தளத்தைத் துளைத்து, கை நுழையும் அகலத்தில் காற்றுக்குழாய் ஒன்றை நேராக மேலே கொண்டுவந்தார்கள். தண்ணீர் இறங்காதபடி அதன் தலையில் குடைக்கம்பு மாதிரி ஒரு வளைவு.

"என் ஜன்னலுக்குக் கீழ பாம்பு படமெடுத்த மாதிரி நிக்குது," என்றார் மாமனார்.

பயம் தீர்வதற்காகக் கட்டிய அறை, கட்டக் கட்டப் பயத்தை வளர்த்தது. வீட்டுக்குள் முன்பின் தெரியாதவர்கள் நடமாடினார்கள். யார் உள்ளே போனார்கள், யார் வெளியே வந்தார்கள் என்று அவள் படிக்கட்டின் தலைப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். வேலைக்கு விடுப்பு சொல்லியிருந்தாள். துளைபோடும் இயந்திரம் சட்டென்று நின்றால் நெஞ்சு படபடத்தது. தொடர்ந்து ஓடினால் அந்த இரைச்சலில் வாசலில் யாராவது நுழைந்தால் கேட்காதே என்று படபடத்தது. தண்ணீர் குடிக்கத் தம்ளரை எடுப்பாள்; பின்பக்கம் ஏதோ சத்தம் என்று தோன்றும். தம்ளர் எங்கோ இருக்கும், அவள் எங்கோ இருப்பாள்.

மேஸ்திரி விளையாட்டாகத்தான் சொன்னார். "நான் திருட வந்தா மட்டும் இதுக்குள்ள போய் ஒளிஞ்சுக்காதீங்க மேடம். எனக்கு இதோட நெளிவு சுளிவு அத்தனையும் தெரியும்." கூட இருந்த வெல்டர் விழுந்து விழுந்து சிரித்தார். அவள் அன்றைக்கு முழுவதும் அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வந்தாள்.

கடைசியில் ஒரு வழியாக வேலை முடிகிற நிலைக்கு வந்தது. உள்ளே ஒரு வாளி, குடிநீர்க் குப்பிகள், பேட்டரி விளக்கு, ஒரு பாய் எல்லாம் வைத்தாயிற்று. தொலைபேசி ஒயர் மட்டும் இழுக்க வேண்டியிருந்தது. அந்தச் சுவர்களைத் தாண்டிக் கைப்பேசிக்குச் சிக்னல் வராது. வெல்டர் வேறொரு வேலைக்குப் போய்விட்டதால் கதவுக் கைப்பிடியில் ஒரு சின்ன ஆணியைத் தற்காலிகமாக மாட்டிவிட்டு மேஸ்திரி சொன்னார்: "நாளைக்கு அவன் வந்து இதை இறுக்கிடுவான். அதுவரைக்கும் கதவைச் சாத்திப் பார்க்காதீங்க, மேடம்."

சாத்திப் பார்க்காதே என்று சொன்னதுதான் தாமதம், அவளுக்கு அதே நினைப்பாகிவிட்டது. கூடத்திலிருந்து ஓடினால் எவ்வளவு நேரத்தில் உள்ளே போய்க் கதவைச் சாத்த முடியும்? கணவன் வேறு, ஒத்திகை பார்த்தாயா என்று நச்சரித்துக்கொண்டிருந்தான். நாளை என்பது வரைக்கும் காத்திருக்க அவள் கால்கள் ஒத்துக்கொள்ளவில்லை. இன்றைக்கே யாராவது வந்துவிட்டால்?

மதியச் சாப்பாடு முடிந்து மாமனார் கண்ணை மூடியிருந்தார். அவருடைய கைப்பேசியை அவள் கூடத்து மேசையில் சார்ஜில் போட்டிருந்தாள். வெளிக்கதவு, வாசல் கதவு, பின்கதவு எல்லாவற்றையும் பூட்டிச் சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டாள். கூடத்தின் நடுவில் நின்றாள். ஒரு மூச்சு இழுத்துக்கொண்டு ஓடினாள். படித் திருப்பத்தில் முழங்கை சிராய்த்தது. உள்ளே பாய்ந்து கதவைத் தள்ளிக் கைப்பிடியைத் திருகினாள். மூன்று கம்பிகளும் ஒரே சத்தமாகச் சுவருக்குள் இறங்கின. கச்சிதம்!

திரும்பத் திறக்கக் கைப்பிடியைத் திருகினாள். அது சுற்றியது. எந்தத் தடையும் இல்லாமல், காற்றில் சுற்றும் பம்பரம் மாதிரி சுற்றிக்கொண்டே இருந்தது. காலடியில் ஆணி இரண்டு துண்டாகக் கிடந்தது.

முதலில் அவள் நிதானமாகத்தான் இருந்தாள். கைப்பேசியைப் பார்த்தாள், சிக்னல் இல்லை. கதவைத் தோளால் மோதினாள். பிறகு கையால் அடித்தாள், காலால் உதைத்தாள். அந்தச் சுவர்கள் அவள் சத்தத்தை அவளிடமே திருப்பிக் கொடுத்தன.  அப்போதுதான் மேலே கருவட்டமாகத் தெரிந்த காற்றுக்குழாய் கண்ணில் பட்டது. வாளியைக் கவிழ்த்துப் போட்டு ஏறி, வாயைக் குழாயருகே கொண்டுபோனாள்.

"மாமா!"

"என்னம்மா?" என்று உடனே பதில் வந்தது, பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல. "எங்கேருந்து பேசுறே? கிணத்துக்குள்ளருந்து வர்ற மாதிரி இருக்கு."

"நீங்க தூங்கலையா?"

"எங்க தூக்கம்? நீ எங்கே இருக்கே?"

"கீழ, அந்த ரூமுக்குள்ள மாட்டிக்கிட்டேன். கதவு திறக்க மாட்டேங்குது."

 மேலே கட்டில் கிரீச்சிட்டது, அவர் எழப் பார்க்கிறார் என்று அவளுக்குப் புரிந்தது. மறுபடி கிரீச்சிட்டு ஓய்ந்தது.

"மூச்சு விட முடியுதா?"

"முடியுது."

"தண்ணி, வெளிச்சம் எல்லாம் இருக்கா?"

"இருக்கு மாமா."

"அப்போ என்னைவிட நல்ல நிலைமையிலதான் இருக்கே. பதறாதே. போனைக் கூடத்துல வெச்சுட்டே, பரவாயில்லை. எனக்கு எதுக்குப் போனு?"

அடுத்த நொடி அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி, "டீச்சர்!" என்று ஒரு குரல் விட்டார். குழாய் வழியாக இறங்கிய அந்தக் குரலில் அவள் நின்றிருந்த வாளியே அதிர்ந்தது. எதிர்வீட்டு டியூஷன் டீச்சர் வீட்டில் ஒரே சுருதியில் ஓடிக்கொண்டிருந்த வாய்ப்பாடு சட்டென்று நின்றது. கீழே அவள் தன் கைப்பேசியில் இருந்த மேஸ்திரியின் எண்ணை ஒவ்வொன்றாகக் குழாயில் சொன்னாள். அவர் அதை ஒவ்வொன்றாகத் தெருவுக்கு அறிவித்தார். டீச்சர் எழுதிக்கொள்ள, டியூஷன் பிள்ளைகளும் பழக்க தோஷத்தில் கூடவே கத்தின. மேஸ்திரியின் எண் அன்று அந்தத் தெருவில் எல்லோருக்கும் மனப்பாடம்.

"ஊருக்கு அந்தக் கோடியில இருக்காராம். கிளம்பிட்டாராம்," என்று மாமனார் சொன்னார். "வர நேரமாகும். பேசிக்கிட்டு இரு."

அவள் வாளியிலிருந்து இறங்கி அதன் மேலேயே உட்கார்ந்தாள்.  விளக்கு வெளிச்சத்தில் புதுச் சிமெண்டு வாசம் மூக்கை அடைத்தது. பூட்டிய கதவுக்கு உள்ளே அவள்; வெளியே மாமனார் தனியாகப் படுத்திருக்கிறார். அன்றைக்கும் இப்படித்தான்.

எழுந்து மறுபடி வாளி மேல் ஏறினாள்.

"மாமா, அன்னைக்கு நான் மாடியில இல்லை."

"தெரியும்."

"பாத்ரூமுக்குள்ள தாழ்ப்பாள் போட்டுக்கிட்டு..."

"தெரியும்மா. எனக்குக் கையும் காலும்தான் போச்சு, காது நல்லாத்தான் இருக்கு. தாழ்ப்பாள் சத்தம் கேட்டுச்சு."

அவள் கண்களை இறுக மூடிக்கொண்டாள். இத்தனை நாளாக எதைக் கேட்டுவிடக் கூடாது என்று வீட்டைச் சுற்றி வந்தாளோ, அதைக் கேட்டாயிற்று.

"அவனுக்கும் கேட்டுச்சு," என்று அவர் தொடர்ந்தார். "அலமாரியை விட்டுட்டு என் ரூம் வாசல்ல வந்து நின்னான். என்ன சத்தம்னு கேட்டான். பக்கத்து வீட்டுக்காரங்க எப்பப் பாரு கதவை அடிச்சுச் சாத்துவாங்கன்னு சொன்னேன். நம்பலை. உள்பக்கம் போகத் திரும்புறான். எனக்கு என்ன பண்றதுன்னு தெரியலை. தம்பி, இந்த ரேடியோவைப் பாருன்னேன். இது மாதிரி உலகத்துலயே பத்துதான் இருக்குன்னு வாய்க்கு வந்ததை அளந்துவிட்டேன். அவன் வந்து அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். எப்படி ட்யூன் பண்றது, உள்ள என்ன இருக்குன்னு சொல்லிக்கிட்டே இருந்தேன். நிறுத்தினா உள்ள போயிடுவானே! வாய் வறண்டு போச்சு. அப்புறம் தெருவுல ஏதோ வண்டி வந்து நின்னுச்சு. அவன் ரேடியோவைத் தூக்கிக்கிட்டு ஓடிட்டான்."

அவள் குழாயடியில் காதை வைத்துக்கொண்டாள்.

"உனக்கு ஒண்ணு சொல்லட்டுமா? அந்தத் தாழ்ப்பாள் சத்தம் கேட்டதும் எனக்குப் பச்சை விளக்கு விழுந்த மாதிரி இருந்துச்சு. நீ உள்ள இருக்கேன்னு தெரிஞ்ச பிறகுதான் எனக்கு நாக்கே புரண்டுச்சு."

"அப்போ ஏன் மாமா என்கிட்ட அப்படிச் சீறினீங்க? கிட்ட வராதேன்னு..."

 அடுத்து வந்த குரல் இஞ்சினுடையதாக இல்லை.

"படுக்கை நனைஞ்சு போச்சும்மா. பயத்துல. நீ குனிஞ்சா தெரிஞ்சிடுமேன்னுதான்."

அவள் கையைச் சுவரில் ஊன்றிக்கொண்டு அழுதாள். சத்தம் வராமல் அழத்தான் பார்த்தாள். அந்தக் குழாய் எதையும் மறைக்கவில்லை.

"அழுதுக்கோ," என்றார் அவர். "ஆனா ஒண்ணு. உன் புருஷன் இந்த ரூமைப் பத்திச் சொன்னப்போ நல்ல யோசனைன்னு பெரிய மனுஷனாட்டம் சொல்லிட்டேன். பொய்தான். இன்னொரு தடவை அந்த மாதிரி ஒருத்தன் முகத்தைப் பார்த்துக்கிட்டுத் தனியா கிடக்க என்னால முடியாது. அதுலருந்து பகல்ல கண்ணை மூடிக்கிட்டுச் சும்மா படுத்திருக்கேன். வெளிக்கதவு அசைஞ்சா உடம்பெல்லாம் வேர்த்துடுது. உனக்குக் கால் இருக்கு, வீட்டைச் சுத்தி வர்றே. நான் படுத்த இடத்துலயே சுத்திக்கிட்டு இருக்கேன்."

இரண்டு பேரும் ஒரே வீட்டில், ஒரே பயத்தை வைத்துக்கொண்டு, ஒருவருக்கொருவர் தெரியாமல் அலைந்திருக்கிறார்கள். அவளுக்கு அழுகையோடு கோபமும் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. "என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?" என்றாள்.

"நீ சொன்னியா?" என்றார் அவர்.

மேஸ்திரியும் வெல்டரும் வந்தபோது தெருவே அங்கே நின்றது. வெளிக்கதவுக்கும் வாசலுக்கும் சாவி அவள் இடுப்பில். மதில்மேல் ஏறிக் குதித்த வெல்டரின் கால்சட்டை, திருட்டுக்குப் பிறகு அவரே அங்கே நட்ட கம்பியில் மாட்டிக் கிழிந்தது. "நான் போட்ட கம்பி எனக்கே ஆப்பு வெச்சிடுச்சு," என்று அவர் முனக, இத்தனை களேபரத்திலும் மாமனார் சிரிக்கும் சத்தம் குழாய் வழியே அவளுக்குக் கேட்டது.

பின்னாலேயே குதித்த மேஸ்திரி குழாயின் வளைந்த தலையைக் கழற்றினார். "மேடம், நான்தான் சாத்தாதீங்கன்னு சொன்னேன்ல?"

"அதை அப்புறம் திட்டுங்க. இப்போ என்ன பண்ணணும்?"

"கைப்பிடியை இழுத்தா கையோட வந்துடும். உள்ள சதுரமா ஒரு இரும்பு முனை தெரியும். அதைக் கடிச்சுப் பிடிச்சுத் திருகணும். இருங்க, கொறடு இறக்குறேன்."

எலி நுழையாமலிருக்கக் குழாயின் அடியில் கட்டியிருந்த வலையை அவள் விரல் வலிக்கப் பிய்த்து எடுத்தாள். கம்பியில் கட்டிய குறடு இரண்டு இடத்தில் இடித்துக்கொண்டு இறங்கி வந்தது. முதல் தடவை முனையிலிருந்து வழுக்கியது. இரண்டாம் தடவையும் வழுக்கியது. கைவிரல் தோல் உரிந்தது. "அவசரப்படாதே," என்று மேலிருந்து மாமனார் சொன்னார். "நல்லா பல்லு பதிஞ்சப்புறம் மொத்த உடம்பையும் கொடுத்துத் திருகு." அவள் உடம்பின் பாரம் முழுவதையும் போட்டுத் திருகினாள். முதலில் மனமில்லாததுபோல் நின்ற கம்பிகள் பிறகு மொத்தமாகச் சுவரை விட்டு நழுவின. கதவு திறந்தது.

அவள் நேராகப் படியேறி, வாசலில் தட்டுகிறவர்களுக்குக்கூடத் திறக்காமல், முன்னறைக்குப் போனாள். அவர் ஜன்னல் பக்கம் ஒருக்களித்து, கழுத்து நரம்பெல்லாம் புடைக்க, வியர்வையில் நனைந்து கிடந்தார். அவள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தாள். இந்தத் தடவை அவர் தடுக்கவில்லை.

"போ, கதவைத் திற. பாவம், அந்த ஆள் கிழிஞ்ச கால்சட்டையோட நிக்கிறான்," என்றார்.

அடுத்த நாள் கணவன் வீடியோவில் வந்தபோது அவள் எல்லாவற்றையும் சொன்னாள், குளியலறையிலிருந்து குழாய் வரைக்கும். மாமனார் அனுமதி கொடுத்த பிறகு, நனைந்த படுக்கையையும்.  அவள் பேசி முடித்ததும், "சரி, படியில ஒரு சாய்தளம் போட்டுடலாம், இல்லைன்னா சின்னதா ஒரு லிஃப்ட்..." என்று ஆரம்பித்தான். எதையாவது திருகி, எதையாவது மாட்டி, சரிசெய்யப் பழகிய மூளை.

"ஒண்ணு கேட்கட்டுமா?" என்றாள். "உங்க கப்பல்ல எல்லாரும் உள்ள போய் அடைச்சுக்கும்போது ஒருத்தர் வெளிய மாட்டிக்கிட்டா என்ன பண்ணுவீங்க?"

"அப்படி விடக் கூடாது. தலையை எண்ணிட்டுத்தான் கதவையே சாத்துவோம். ஒருத்தன் அவனுங்க கையில மாட்டினாலும் அந்த ரூம் இருந்து பிரயோஜனமில்லை. அவனை வெச்சே எல்லாரையும் வெளிய வரவெச்சிடுவா..."

பாதியில் நிறுத்திவிட்டான். படம் உறைந்துவிட்டதோ என்று அவள் நினைத்தாள். இல்லை; அவன் கண் சிமிட்டிக்கொண்டிருந்தான்.

"நம்ம வீட்ல எத்தனை தலைங்க?" என்று அவள் கேட்டாள். திட்டுவதற்காகக் கேட்கவில்லை, குரல் அப்படி வந்துவிட்டது.

"அப்பாகிட்ட போனைக் கொடு," என்றான் அவன்.

அவள் கொடுத்துவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டாள். அப்பாவும் பிள்ளையும் என்ன பேசினார்கள் என்று அவளுக்குத் தெரியாது. நெடுநேரம் இருவரில் யார் குரலும் உயரவில்லை. திரும்பி வந்தபோது மாமனார், "மேஸ்திரியைக் கூப்பிடும்மா," என்றார், "கதவு மேல வருது."

கீழே சட்டத்தோடு பதித்த கதவைப் பெயர்த்து எடுப்பது அதைப் பதித்ததைவிடப் பெரிய பாடாக இருந்தது. படித் திருப்பத்தில் அது குறுக்கே மாட்டிக்கொள்ள, நாலு பேர் மேலே இழுக்க, நாலு பேர் கீழே தள்ள, மேஸ்திரிக்கு அன்று பேச்சே வரவில்லை. முன்னறையின் மெல்லிய சுவரை உடைத்துப் புதிதாகக் கட்டி, அந்தக் கதவை அங்கே பதித்தார்கள். ஜன்னலுக்கு உள்பக்கம் இழுத்துச் சாத்தும் இரும்புத் தட்டி வந்தது. தொலைபேசி ஒயரைக் கட்டிலின் வலப்பக்கம், அவர் கை எட்டுகிற இடத்துக்கே கொண்டுவந்தார்கள். அதுவரை மாமனார் கூடத்தில் படுத்துக்கொண்டு, தூசி மூக்கில் ஏறுகிறது, சுத்தியல் மண்டையில் விழுகிறது என்று எல்லாரையும் விரட்டினார். கைப்பிடியை வெல்டர் இறுக்கியதை அவள் பக்கத்தில் நின்று பார்த்தாள். பத்து முறை சாத்தித் திறந்து காட்டச் சொன்னாள். அவர் முகம் சுளிக்காமல் செய்து காட்டினார்.

கதவு வந்ததும் பயம் போய்விட்டது என்று சொன்னால் அது கதைக்காகச் சொல்வதாக இருக்கும். அவள் இன்னமும் பூட்டுகளை இழுத்துப் பார்த்தாள். ஆனால் சுற்றி வரும்போது முன்னறையை எட்டிப் பார்த்து, "பின்கதவு பூட்டியிருக்கு மாமா," என்று சொல்வாள். "சமையல்ரூம் ஜன்னல்?" என்று அவர் கேட்பார். "அதுவும்." "சரி, இப்போ உட்காரு." சில நாள் உட்கார்ந்தாள். சில நாள் முடியவில்லை. 

விடுப்பு முடிந்த திங்கட்கிழமை காலை உதவிக்கார அம்மா வந்ததும் கிளம்பினாள். பேருந்து நிறுத்தம் வரை போய்விட்டு மனசு கேட்காமல் பாதி தூரம் திரும்பினாள். தெருவின் நடுவில் நின்று வீட்டைப் பார்த்தாள். டீச்சர் வீட்டு மாடியில் யாரோ பாய் உதறினார்கள். ஒரு நாய் வெயிலில் புரண்டது. பேருந்து வரும் சத்தம் பின்னாலிருந்து கேட்டது. அவள் பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு ஓடினாள். ஏறிய பிறகும் உட்காரவில்லை; கம்பியைப் பிடித்து நின்றபடியே போனாள். பரிசோதனைக் கூடத்தில் அவள் மேசை நிறையத் தண்ணீர்க் குப்பிகள் வரிசைகட்டி நின்றன. கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முதல் குப்பியைத் திறந்தாள்.